ஒரு டிவி, இரண்டு கௌபாய்

இனி வீட்டில் முடிவுகளை நான்தான் எடுப்பது என்று போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவெடுத்தேன். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் இது என் இரண்டாவது முடிவு. முதல் முடிவு, முடிவெடுப்பதை அவளிடமே விட்டுவிடுவது.

விஷயம் இதுதான். எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. ஆறு நாளும் "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?" என்று கேட்டே நாக்கு தேய்ந்துவிடும். ஏழாம் நாள் மதியம் மூன்று மணிக்கு ஒரு கறுப்பு வெள்ளை கௌபாய் படம் பார்ப்பேன். ஒரே படம்தான். நாற்பத்தோரு தடவை ஆகிவிட்டது. தொப்பிக்காரன் ஒருத்தன் ஊருக்குள் வருவான். நாலு பேரைச் சுடுவான். சாயங்கால வெயிலில் குதிரை ஏறிப் போய்விடுவான். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டே பார்ப்பாள். எனக்கு அது போதும்.

அதில் மண்ணள்ளிப் போட்டவன் என் மச்சான். தன் அக்காவின், அதாவது என் மனைவியின், பிறந்தநாளுக்கு டிவியில் மாட்டி விளையாடும் ஒரு கேம் மெஷினை வாங்கிக் கொடுத்தான். கூடவே ஒரு கௌபாய் விளையாட்டு. அவளோ டிரைவிங் ஸ்கூலில் கார் கற்றுக்கொடுப்பவள். வாரம் முழுக்க ஸ்டியரிங்கை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்து சீட்டில் பிரேக்கை மிதித்தபடி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தானே ஓட்ட ஒரு குதிரை கிடைத்தால் விடுவாளா? ஞாயிறு மூன்று மணிக்கு டிவி அவள் கைக்குப் போய்விட்டது.

"இந்த விளையாட்டுல ரயிலை எப்ப கொள்ளையடிக்கப் போறே?" என்றேன், பொறுமையாக.

"மீன் பிடிச்சிட்டிருக்கேன். பேசாதீங்க, ஓடிடும்."

"மூணு வாரமாவா? கௌபாய்னா சுடணும்டி!"

"அவசரம்னா நீங்க போய் சுடுங்க."

"என் தொப்பிக்காரன் மீன் பிடிப்பானா? படம் முழுக்க அவன் பேசறதே இருபது வார்த்தைதான். அதுதான் கம்பீரம்!"

"உங்களுக்கும் அந்த அளவு போட்டா நல்லாயிருக்கும்."

அப்போதுதான் சவால் விட்டேன். படம் பெரிதா, விளையாட்டு பெரிதா? ஒரு நடுவரை வைத்துப் பார்த்துவிடுவோம். ஜெயித்தவருக்கு ஞாயிற்றுக்கிழமை டிவி. அவள் உடனே "சரி" என்றாள். அவள் உடனே சரி சொன்னால் ஓடி ஒளிந்துகொள்ள வேண்டும் என்று பத்தொன்பது வருஷ அனுபவம் சொன்னது. நான் கேட்கவில்லை.

நடுவர், எதிர் வீட்டுப் பல் டாக்டர். நேர்மையானவர். ஆகவே முந்தின நாளே அவர் வீட்டுக்குப் போய், அவர் கண்ணாடியின் உடைந்த காலை மாற்றிக் கொடுத்தேன். அப்படியே என் பக்கத்து நியாயத்தையும் எடுத்துச் சொன்னேன்.

"கவலையே படாதீங்க தம்பி. தீர்ப்பு படத்துக்குத்தான்" என்றார், கொஞ்சமும் யோசிக்காமல்.

ஞாயிறு வந்தது. படத்தைப் போட்டேன். தொப்பிக்காரன் சிரித்தான். டாக்டர் நிமிர்ந்தார்.

"ஆறு மாசம் பாலைவனத்துல திரிஞ்சவனா இவன்? பல்லு என்ன இப்படிப் பளபளக்குது?"

"டாக்டர், கதையைப் பாருங்க."

"அந்தத் துப்பாக்கில ஆறு குண்டுதானே? இதோட பதினொண்ணு சுட்டுட்டான்" என்றாள் மனைவி.

"வீரனுக்குக் கணக்கெல்லாம் கிடையாது!"

"கடைசில குதிரை ஏறிப் போயிடறானே, வாசல்ல ஒரு பொண்ணு நின்னு பாக்கறாளே. அப்புறம் அவ என்ன பண்ணுவா? உங்க படத்துல தெரியுமா? என் விளையாட்டுல நானே இறங்கி, கதவைத் தட்டிக் கேப்பேன்."

நாற்பத்தோரு தடவை பார்த்தவன் நான். அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

அடுத்து விளையாட்டு. திரையில் ஒரு திருடன் இளித்தான். டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

"ஆஹா! கீழ்வரிசைல ரெண்டு சொத்தை! ஈறு வீங்கியிருக்கு! அம்மா, அவனைச் சுட்டுடாதீங்க, இன்னும் கொஞ்சம் பக்கத்துல போங்க!"

போச்சு, கண்ணாடிக் கால் வீண் என்று நினைத்தேன். ஆனால் மனிதர் வாக்குத் தவறவில்லை. கண்ணைத் திரையை விட்டு எடுக்காமலே, "தீர்ப்பு படத்துக்கு" என்றார்.

துள்ளிக் குதித்தேன். மனைவி முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. "டிவி உங்களுக்குத்தாங்க" என்று சொல்லி மெஷினைக் கழற்றி, வயரைச் சுருட்டி டாக்டர் கையில் கொடுத்தாள். வாசலில் டாக்டரின் மனைவி நின்றுகொண்டிருந்தார்.

"சோபாவைத் திருப்பிப் போட்டாச்சு. வாங்க, வாங்க!"

"எங்கே வாங்க?" என்றேன்.

டாக்டர் கூச்சத்தோடு சொன்னார். "எங்க வீட்டு டிவி சுவர் அகலம் தம்பி. சும்மா தூங்குது. நீங்க கண்ணாடிக் கால் மாட்ட வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே உங்க வீட்டம்மா வந்து பேசிட்டாங்க. தீர்ப்பை உங்களுக்கே கொடுத்துடச் சொல்லி."

"எனக்காகவா?" என்று மனைவியைப் பார்த்தேன்.

"பின்னே? இங்கேயே விளையாடினா பக்கத்துல உக்காந்து சுடு சுடுன்னு உயிரை எடுப்பீங்க. தோத்துட்டா ஒரு மாசத்துக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவீங்க. ஜெயிச்சா நிம்மதியா இருப்பீங்கல்ல?"

கதவு சாத்திக்கொண்டது. நாற்பத்திரண்டாவது தடவையாகப் படத்தைப் போட்டேன். பக்கத்து இடம் காலி. எதிர் வீட்டிலிருந்து அவள் சிரிப்பு கேட்டது. எனக்கு டிவியா வேண்டியிருந்தது? அவள் பக்கத்தில் இருப்பதுதான் வேண்டியிருந்தது. அதை முதலிலேயே வாயைத் திறந்து சொல்லியிருந்தால் கண்ணாடிக் காலாவது மிச்சமாகியிருக்கும். வீரத்தையெல்லாம் சுருட்டி வைத்துவிட்டுப் போய்க் கதவைத் தட்டினேன். "நானும் வர்றேனே" என்றேன்.

மூன்று பேரும் தலையைச் சேர்த்து வைத்து ஆலோசித்தார்கள். ஒருமனதாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

இப்போது ஞாயிறு மூன்று மணிக்கு நானும் அங்கேதான் இருக்கிறேன். அவர்கள் டீ குடித்து முடிக்கும்வரை திரையிலிருக்கும் அவள் குதிரைக்கு உடம்பு தேய்த்துவிடுவது என் பொறுப்பு.