கம்புக்கு நட்ட பலகை

பட்டியல் போடுகிறவர்கள் எதையும் மறக்க மாட்டார்கள் என்று நம்பிவிடாதீர்கள். பட்டியலில் இருப்பதைத்தான் மறக்க மாட்டோம். டிக் அடித்துவிட்டால் அதுவும் போச்சு.

எண்பதுகளின் தொடக்கத்தில் வேளாண்மை படித்து முடித்து எங்கள் ஊரான தேவாரத்துக்குத் திரும்பியபோது என்னிடம் ஒரு வேலை உத்தரவு இருந்தது. தஞ்சாவூர்ப் பக்கம், ஆடிக்குள் சேர வேண்டும். எனக்கோ சிலமலை ரோட்டோரம் இருந்த எங்கள் மானாவாரி நிலத்தின்மேல் ஆசை. கிணறு இல்லாத மூன்று ஏக்கர் சமதளம், கண்ணுக்கு எட்டியவரை புல். அப்பாவைக் கெஞ்சினேன்.

"ஆடிக்குள்ள பயிரு நின்னுச்சுன்னா நீயும் நில்லு ஆத்தா. இல்லேன்னா கெளம்பிரணும்" என்றார்.

இருபத்து மூன்று வேலைகள் எழுதினேன். முதல் வேலை, விதைக்குமுன் எருவுக்காக ஆட்டு மந்தையை நிலத்தில் அடைத்துக் கிடை போடுவது. கிடைக்காரரை வெற்றிலை பாக்கு வைத்து ஆனிக் கடைசிக்கு அழைத்தோம். டிக்.

ஆனி பிறந்ததுமே மழை கொட்டியது. அப்பா போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்துச் சோலியாகப் போயிருந்தார். மழையைக் கண்ட மயக்கத்தில் உழுது கம்பு விதைத்துவிட்டேன். முளை நான்கு விரல் உயரம் வந்தது. (கூடவே புல்லும். படித்த எனக்கே குனிந்து பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.)

அடுத்து, பட்டியலில் இல்லாத ஒரு வேலை செய்தேன். போடியில் பெயர்ப்பலகை எழுதக் கொடுத்தேன்: 'வீரியக் கம்பு, மானாவாரிச் சோதனைத் திடல்'. கீழே என் பெயர், பட்டத்தோடு.

ஆனிக் கடைசியில் பலகையோடு பஸ்சை விட்டு இறங்கினால், நிலம் முழுக்க ஆடு.

"புல்லு நல்லாத் துளுத்துக் கெடந்துச்சு ஆத்தா. ஆசையாத் தின்னுச்சுக" என்றார் கிடைக்காரர்.

"அது கம்புங்க."

அவர் பலகையை மேலும் கீழும் பார்த்தார். "இதக் காலையிலயே நட்டிருந்தாலும், எங்க ஆடுக படிக்காதுகளே."

சாயங்காலம் அப்பா ஜீப்பில் வந்து இறங்கினார். வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டவர்களை எழுந்து போகச் சொல்வது எங்கள் பக்கம் வழக்கமில்லை. மிச்சமிருந்த கம்பையும் மூன்று நாள் உபசாரமாக மேயவிட்டோம். ஆடியில் நான் கிளம்பினேன்.

ஆவணி மழையில் மீதி விதையை அப்பா விதைத்தார். கார்த்திகையில் கடிதம் வந்தது: 'கிடை போட்ட மண்ணு. கம்பு ஆளுக்கு மேல நிக்குது. நீதான் பாக்கலை.' தஞ்சாவூர்ப் பக்கம், தண்ணீர் ஓடும் வாய்க்காலோர வரப்பில் நின்று அதைப் படித்தேன். அங்கே மதகைத் திறந்தால் தண்ணீர். வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை. நான் இன்னும் பார்க்கிறேன்.

அந்தப் பலகை இப்போது எங்கள் வீட்டுக் கோழிக்கூண்டின் கதவு. ஒவ்வொரு முறை விடுமுறை முடிந்து கிளம்பும்போதும் அண்ணன் வாசலில் நின்று கேட்பான்: "எல்லாம் எழுதிட்டியா? ஆட்டுக்காரருக்குச் சொல்லியாச்சா?" வீடே சிரிக்கும், நானும்தான்.

பிறகு பஸ்சில், சிலமலை தாண்டும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருப்பேன். அதை மட்டும் எந்தப் பட்டியலிலும் எழுதியதில்லை.