எமனைக் காக்க வைத்த கத்தி அண்ணன்

மலாயா முழுவதும் சல்லடை போட்டுத் தேடினாலும் கத்தி அண்ணனைப் போல் சாவை அலட்சியம் செய்த ஆள் கிடைக்க மாட்டார். எமனே வந்து நின்றிருந்தாலும், "உக்காருய்யா, உனக்கு முன்னால மூணு பேரு இருக்காங்க" என்றுதான் சொல்லியிருப்பார்.

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவாட்டர்ஸுக்கு எதிரே அவருடைய சவரக்கடை. வயது தொண்ணூறுக்கு மேல் என்று பேச்சு. மூக்குக் கண்ணாடி கிடையாது. பல்லெல்லாம் சொந்தப் பல். கணக்கெழுதப் புதிதாக வந்த கிராணி ஒருவன் தெரியாத்தனமாகத் "தாத்தா" என்று கூப்பிட்டுவிட்டு, ஒரு பக்க மீசையோடு ஆபீசுக்குப் போனான். மறுநாளிலிருந்து அவனுக்கும் அவர் அண்ணன்தான்.

தினமும் விடிந்ததும் செராஸ் பாதையில் நாலைந்து மைல் நடப்பார். அரை வயிறு சாப்பிடுவார். பகலெல்லாம் நின்றபடியே வேலை. கள், சுருட்டு இரண்டும் ஆகாது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் எங்கள் டிரெசருக்கு இதெல்லாம் பெரிய ஆராய்ச்சி. நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்துவிடுவார்.

"அண்ணே, காலையில எத்தனை இட்லி?"

"மூணு."

"அதான் ரகசியம்!"

மறுநாள் அண்ணன் இரண்டு என்றார். "அட, அதைவிடப் பெரிய ரகசியம்!" என்று டிரெசர் குதித்தார். எங்களையும் நடக்க வைத்தார். மூன்றாம் நாள் நான் மாட்டுவண்டியில் படுத்தபடி திரும்பினேன்.

அந்தச் சமயம் பார்த்துச் சுகாதார அதிகாரியாகப் புதிய வெள்ளைக்காரத் துரை ஒருவர் வந்தார். தொண்ணூறு வயதுக் கையில் கத்தியா என்று மிரண்டுபோனார். அடுத்த வாரம் வந்து கையைச் சோதிப்பதாகவும், நடுங்கினால் கடையை மூட வேண்டுமென்றும், வயதுக்கு ஒரு சாட்சி வேண்டுமென்றும் சொன்னார். அதை டிரெசர்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.

அன்று அண்ணன் அந்த அரை வயிறும் சாப்பிடவில்லை. "கடை இல்லேன்னா நான் எதுக்குத் தம்பி காலையில எழுந்திருக்கணும்?" என்று என்னிடம் கேட்டார்.

சாட்சி சொல்ல இருந்தது ஒரே ஒருவர்தான். கிள்ளான் பக்கம் ஜெஞ்சாரோமில் இருந்த அவருடைய சொந்த அண்ணன். கடிதம் போட்டோம். ஆளைக் கட்டிலோடு தூக்கி வர வேண்டியிருக்கும் என்று நினைத்து ஸ்டேஷனுக்கு நாலு பேர் போனோம். கிள்ளான் ரயிலிலிருந்து பீப்பாய் போல ஒருவர், வாயில் சுருட்டுடன் தானாகவே இறங்கி வந்தார். கடைக்குள் நுழைந்ததும் தம்பியை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன்டா, இப்படிக் கிழவனாட்டம் ஆயிட்டே?"

டிரெசர் நோட்டை விரித்தார். "ஐயா, தினம் எவ்வளவு தூரம் நடப்பீங்க?"

"கள்ளுக்கடை வரைக்கும்."

"சாப்பாடு?"

"கிடைக்கிறதெல்லாம்."

"எப்ப எழுந்திருப்பீங்க?"

"யாராவது எழுப்பினா."

டிரெசருக்கு அழுகையே வந்துவிட்டது. "அப்ப ரகசியம்தான் என்னய்யா?"

"எங்கம்மா நூறைத் தாண்டித்தான் போனா. அவ அப்பனும் அப்படித்தான். எங்க ரத்தம் அது!"

டிரெசர் நோட்டை மூடிவிட்டார்.

சொன்னபடி துரை வந்தார். தெருவே கூடிவிட்டது. பெரியவர் சாட்சி சொன்னார்: "இவன் என்னைவிட நாலு வயசு சின்னப் பையன், தொரை." பெரியவருடைய வயது என்ன என்று துரை கேட்டார். "அது யாருக்குத் தெரியும்?"

சோதனைக்கு ஒரு கழுத்து வேண்டும் என்றதும் கூட்டம் மொத்தமும் வானத்தைப் பார்த்தது. எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். "இது என்ன பெரிய வித்தை? நானே பண்றேன்" என்று பெரியவர் கத்தியை எடுத்தார். அவர் கை ஆடிய ஆட்டத்தில் நான் வாசல்வரை ஓடிவிட்டேன். அவரும் தன் கையையே ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு, "நீயே பண்ணுடா" என்று தம்பியிடம் மெதுவாகக் கொடுத்தார்.

நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன். எங்கள் அண்ணனின் கத்தி என் தொண்டையில் இறகு போலப் போயிற்று. ஒரு பொட்டு ரத்தம் இல்லை. துரை குனிந்து என் கன்னத்தைத் தடவினார். அப்புறம் தொப்பியைக் கழற்றிவிட்டு அவரே நாற்காலியில் உட்கார்ந்தார்! தெரு விசிலடித்தது. டிரெசர் மறுபடி நோட்டைப் பிரித்துக் கத்தினார்: "ஆயுசு ரத்தத்துல வருது, கை பழக்கத்துல வருது! இப்பப் புரிஞ்சுபோச்சு!"

அடுத்த வருஷம் என்னைக் கிள்ளானுக்கு மாற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் சவரத்துக்கு ரயிலேறிப் பிரிக்பீல்ட்ஸ் வந்தேன். கிள்ளானில் சவரக்கடையே இல்லையா என்று என் மனைவி கேட்பாள். நிறைய இருந்தன.