மூன்று மாடித் தலை

யூனிஸைத் தனசிங் கடைசியாக உயிரோடு பார்த்தது ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில். ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகிற வண்டியில் படுத்திருந்த மனைவி, அவர் கையை விட்டுவிட்டுச் சொன்னாள்: "வீட்டுக்குப் போய் சாப்பிட்டுட்டு, தலையைச் சீவிட்டு வாங்க. இல்லேன்னா உங்களைப் பிடிச்சுப் படுக்க வெச்சிடுவாங்க."

அவர் தலையைப் பற்றி அவளுக்கு எப்போதும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. அதை அவர் பெரிதாக மீறியது ஒரே ஒரு தடவை. அது 2004, செம்பாக்கத்தில் அவர்கள் சர்ச்சின் வெள்ளி விழா வருஷம்.

விழாவுக்கு நாடகம். வெள்ளைக்கார மிஷனரி வேஷத்துக்கு ஆள் தேடினார்கள். பாட்டுக்குழு ஸ்டெபின் ஆறடி உயரம், இருபத்துநாலு வயது. தனசிங்குக்கு ஐம்பத்துநாலு. உயரத்தைச் சொல்ல வேண்டாம். ஆனால் இருபது வருஷமாகச் சர்ச் நாடகங்களுக்குத் திரை இழுத்தவர் அவர். ஒரு தடவையாவது திரைக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

ஸ்டெபினுக்கு விக்தான் கதி. போன கிறிஸ்துமஸ் நாடகத்தில், குழந்தை இயேசுவைக் கும்பிட வந்த சாஸ்திரி ஒருவரின் விக் கழன்று மாட்டுத்தொட்டிலில் விழுந்து, குழந்தைக்குத் தாடி முளைத்திருந்தது. சொந்த முடியே பொன்னிறமாக இருந்தால் யாரால் மறுக்க முடியும்?

பன்னிரண்டு வருஷமாகக் கறுப்புச் சாயம் பூசிவந்த தலை அது. பூசிய மறுநாள் நெற்றி வீங்கும், கண் இடுங்கும். "விட்டுடுங்களேன்" என்பாள் யூனிஸ். "ஆபீஸ்ல தாத்தாம்பானுங்க" என்பார்.

தாம்பரம் மார்க்கெட்டில் ப்ளீச் பவுடரும் லோஷனும் வாங்கி, பீரோ மேல் ஒளித்தார். பெட்டியில் போட்டிருந்தபடி மூன்று வாரம் சாயத்தைத் தொடவில்லை. ஒரு சனிக்கிழமை, யூனிஸ் சிங்கப்பெருமாள் கோவிலில் இருந்த தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள்.

"சாயந்திரம்தான் வருவேன். நிதானமா இருங்க."

நிதானமாகத்தான் பூசினார். கழுவிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தார். மாடிக்கொருவர் வர்ணமடித்த மூன்று மாடி வீடு. கீழ்மாடி, புதிதாக முளைத்த நரை, பஞ்சு வெள்ளை. நடுமாடி ஆரஞ்சு. மேல்மாடியில் பன்னிரண்டு வருஷச் சாயம் அசையாமல் குடியிருந்தது.

வெளியே வந்து தலையைத் துவட்டும்போது காம்பவுண்டுச் சுவருக்கு மேலாகப் பக்கத்து வீட்டு ஸ்ரீரங்கன் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், தலையில யாராவது பூசணிக்காய் உடைச்சாங்களா?"

"கொஞ்சம் கலர் மாறிப்போச்சு."

"இதுக்கு ஒரே வழி, மொட்டை."

"நான் சர்ச் கமிட்டி மெம்பர் சார். மொட்டையோட போய் நின்னா லட்டு எங்கேன்னு கேப்பாங்க."

யூனிஸ் வந்தாள். அழவில்லை, சிரிக்கவில்லை. சுற்றிவந்து பார்த்தாள்.

"இன்னொரு தடவை பூசினா ஒரே கலராயிடும்" என்றார் தனசிங்.

"முடி கையோட வந்துடும்."

"சரி, மேல கறுப்பு அடிச்சுடறேன்."

"ப்ளீச் பண்ணின முடி, திட்டுத்திட்டாப் பச்சையடிச்சாலும் அடிக்குமாம்."

"இதெல்லாம் உனக்கு யார் சொன்னது?"

"ஆஷா. வாங்க, அவகிட்டயே போவோம்."

ஆஷாவின் பியூட்டி பார்லர் மூன்று வீடு தள்ளி. பெண்களுக்கு மட்டும் என்று போர்டு. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நுழைந்தார்.

"வாங்க அங்கிள். ஒரே கலரா இருக்கிறது அடியில இருக்கிற அரை இஞ்ச்தான். அதை விட்டுட்டு மிச்சத்தை வெட்டிடறேன்."

"பார்க்காமலே எப்படிம்மா சொல்றே?"

"ஆன்ட்டி வெள்ளிக்கிழமையே சொல்லிட்டாங்களே!"

கத்தரிக்கோல் ஆரஞ்சு மாடியை இடித்துக்கொண்டிருக்கும்போது, கண்ணாடியில் தெரிந்த மனைவியைப் பார்த்துக் கேட்டார்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மூணு வாரமா நெற்றி வீங்கலை. பீரோ மேல பார்த்தேன்."

"அப்பவே தடுத்திருக்கலாமே யூனிஸ்."

"பன்னிரண்டு வருஷம் தடுத்துத்தானே பார்த்தேன்."

அவருக்குக் கோபம் வரவில்லை. தன் முகத்தைத் தினமும் இவ்வளவு கவனமாக ஒருத்தி பார்த்துவந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் போதகர் அவரை மேலும் கீழும் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"தனசிங் ஐயா! உங்களுக்கு ஒரு வேஷம் இருக்கு."

"மிஷனரியா?"

"மிஷனரியோட அப்பா."

துறைமுகத்தில் மகனை வழியனுப்பும் தகப்பன். ஒரே வசனம்: "போய் வா, மகனே." விக்கை ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டியிருந்த ஸ்டெபின் கப்பலேறினான். திரையை யூனிஸ் இழுத்தாள்.

இப்போது தனசிங்குக்கு எழுபத்துநாலு. மிஞ்சியிருக்கிற முடி கொஞ்சம்தான், எல்லாம் ஒரே நிறம்.