அக்கா, நீங்கள் புறப்பட்டு வர வேண்டாம்

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. இங்கே ஒருத்திக்கு நலமில்லை, இன்னொருவனை அவள் நலமாக இருக்க விடுவதில்லை. ஆகவே ஆவலை மட்டும் அனுப்பிவைக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் அழ ஆரம்பித்துவிடுகிறீர்கள். உங்களுக்கு ஆறுதல் சொல்லியே என் பொழுது போகிறது, சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

சொல்ல வந்தது இதுதான். நீங்கள் இரண்டு பெட்டியோடு இங்கே வந்து இறங்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து வர வேண்டாம். வந்தால் வாசலிலேயே தங்கையைக் கட்டிப்பிடிப்பீர்கள், கன்னத்தோடு கன்னம் வைத்து அழுவீர்கள், ரயிலில் உட்கார்ந்து வந்த துணியோடு அவள் கட்டிலில் உட்காருவீர்கள். அவள் இப்போது இருக்கிற நிலைமையில் இதெல்லாம் ஆகாது. அவள் எலும்புக்குள்ளே ரத்தம் உண்டாக்குகிற ஸ்டெம் செல்களை ஊசி போட்டு வெளியே வரவழைத்து, மிஷினில் பிரித்தெடுத்து, உறையவைத்து, அதற்குப் பிறகு கடுமையான மருந்தை ஏற்றி நோயைத் துடைத்துவிட்டு, எடுத்து வைத்ததை அவளுக்கே திரும்ப ஏற்றப்போகிறார்கள். வருகிற திங்கட்கிழமை ஊசி ஆரம்பம். இடையில் ஒரு சளி, ஒரு காய்ச்சல் வந்தாலும் தேதி தள்ளிப்போகும். கூடவே இருந்து கவனிக்க நோய் நொடி இல்லாத துணை ஆள் ஒருவர் இல்லாவிட்டாலும் தள்ளிப்போகும். இப்போது அடங்கிக் கிடக்கிற நோய் அதுவரை சும்மா இருக்கும் என்று டாக்டரால் உறுதி சொல்ல முடியவில்லை. அந்தத் துணை ஆள் நான்தான். என்னை விட்டால் இந்த வேலைக்குத் தகுதியானவர் நம் குடும்பத்தில் யாரும் இல்லை என்பதைத் தாழ்மையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

ஏன் என்று கேளுங்கள். நாற்காலித் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலையிலேயே என் காலம் போனது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து, ஆட்டி, தடவிப் பார்த்து, சிவப்புச் சாக்பீஸால் குறி போடுவேன். பெருக்கல் குறி போட்டால் அது விறகுக்குப் போகும். வட்டம் போட்டால் பட்டறைக்குத் திரும்பிப் போய்ச் சரியாகி வரும். நான் வட்டம் போட்டது அபூர்வம். ஒரு முறை ஆடின நாற்காலி மறுமுறையும் ஆடும் என்பது என் கொள்கை. இப்போது அதே சாக்பீஸை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தேன். பூந்தொட்டி மண்ணில் பூஞ்சை இருக்கும், பெருக்கல். கால்மிதி, பெருக்கல். மரக்கரண்டி, பழைய பத்திரிகைக் கட்டு, மீன்தொட்டி, பஞ்சு பிதுங்கும் திண்டு, எல்லாவற்றுக்கும் பெருக்கல். உங்கள் தங்கை என்ன செய்தாள் தெரியுமா? நான் குளிக்கப் போன நேரத்தில் ஈரத்துணியை எடுத்து எல்லாக் குறியையும் அழித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி சோபாவில் உட்கார்ந்திருந்தாள். கேட்டால், "மீனுக்கு என்னங்க தெரியும் என் ரத்தத்தைப் பத்தி, அது பாட்டுக்கு இருக்கு" என்கிறாள்.

இத்தனை வருஷம் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அல்லவா, பக்கத்து சீட்டில் தனக்கென்று ஒரு பிரேக் இருந்தே பழகிவிட்டது. நான் கொஞ்சம் வேகமாகப் பேசினால் சோபாவில் உட்கார்ந்தபடியே வலது காலால் தரையை ஓர் அழுத்து அழுத்துகிறாள். நான் நிற்க வேண்டுமாம். காய்ச்சல் இருக்கிறதா என்று அவள் நெற்றியைத் தொடப் போனால் ஓர் அழுத்து. கதவுக் கைப்பிடியை மறுபடி துடைக்கப் போனால் ஓர் அழுத்து. பல் டாக்டர் அவளுக்கு ஒரு சொத்தைப் பல்லைப் பிடுங்கினாரே, பிடுங்குவதற்கு முன் அவர் கையைக் கழுவினாரா என்று நான் மரியாதையாகத்தான் கேட்டேன். அவள் வாயைத் திறந்தபடியே காலால் அழுத்தின அழுத்தில் நாற்காலியே நகர்ந்துவிட்டது. அதுவும் ஆடுகிற நாற்காலிதான், அதை நான் அப்புறம் எடுத்துச் சொன்னேன்.

துணை ஆட்களுக்கு ஆஸ்பத்திரியில் நேற்று முன்தினம் ஒரு வகுப்பு வைத்தார்கள். ஒரே அறையில் நெருக்கி உட்காரவைத்து, நர்ஸம்மா கை கழுவக் கற்றுக்கொடுத்தார். கையில் ஏதோ களிம்பைத் தடவிக் கழுவச் சொல்லி, நீல விளக்கின் கீழே நீட்டச் சொன்னார். அழுக்கு தங்கின இடமெல்லாம் மின்னியது. எனக்குப் பக்கத்தில் ஒரு லாரி டிரைவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தார், கேட்டால் "தூசுங்க, நம்ம தொழில் அப்படி" என்றார். அவர் கை கல்யாண வீடு மாதிரி ஜொலித்தது. என் கையில் ஒரு புள்ளி இல்லை. "இத்தனை வகுப்பு எடுத்திருக்கேன், இப்படி ஒரு கையை நான் பார்த்ததில்லை" என்று நர்ஸம்மா சொன்னதும் அறையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து கை தட்டினார்கள். ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். லாரி டிரைவர் இரண்டு கையாலும் குலுக்கினார். வீட்டுக்கு வந்து பெருமையோடு சொன்னால், உங்கள் தங்கை என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "குலுக்கினப்புறம் கழுவுனீங்களா?" என்று கேட்டாள். பாராட்டு வாங்கிய கையை உடனே கழுவ யாருக்கு மனசு வரும்? அவளுக்குப் பொறாமை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மருந்து ஏற்றினால் முடி கொட்டும் என்று நேற்று அவளாகவே போய்க் கட்டையாக வெட்டிக்கொண்டு வந்தாள். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பின்கழுத்து மெலிந்து போனது அப்போதுதான் என் கண்ணில் பட்டது. அவள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "நல்லவேளை, டாக்டருங்க என் மேல வட்டம் போட்டிருக்காங்க. உங்க கையில சிக்கியிருந்தா பெருக்கல் போட்டு விறகுக்கு அனுப்பியிருப்பீங்க" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் சமையலறைக்குப் போய், ஏற்கெனவே தேய்த்து வைத்த பாத்திரங்களை மறுபடி தேய்த்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. சாக்பீஸைக் கையில் வைத்திருக்கும்போது அந்தப் பயம் கொஞ்சம் குறைகிறது, அவ்வளவுதான்.

ஆகவே, உங்கள் பாசத்தில் குறை சொல்லவில்லை. உங்கள் மேல் மனசுக்குள் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறேன், அவள் வீடு திரும்பிய பிறகு அழித்துவிடுகிறேன். அதுவரை பெட்டியைப் பரணிலேயே வையுங்கள். இங்கே எல்லாம் என் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் சின்னவர்களுக்கு ஆசியையும், கை கழுவிவிட்டு, சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கைக்கு வாய்த்தவன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். கையெழுத்துப் போட்டு முடிக்கும்போது தும்மினேன். தொடர்ந்து தும்மினேன். இப்போது தொண்டை கட்டி, குரலே வரவில்லை, அதனால்தான் இதையும் எழுதுகிறேன். தபாலை நம்பாமல் படம் பிடித்து உங்கள் போனுக்கே அனுப்புகிறேன். அவள் நர்ஸம்மாவுக்குப் போன் செய்தாள். எனக்குச் சளி முழுசாக விடுகிறவரை அவள் பக்கத்திலேயே போகக் கூடாதாம், நல்லவேளையாக அவளுக்கு இதுவரை ஒன்றும் இல்லை, திங்கட்கிழமைக்குள் வேறு துணை ஆள் வந்துவிட்டால் தேதி மாறாதாம். என்னை வீட்டைவிட்டு வெளியேற்றியாகிவிட்டது. வாசலில் நிற்கிற அவளுடைய டிரைவிங் ஸ்கூல் காரில்தான் இப்போது குடியிருக்கிறேன். அவள் ஜன்னலில் நின்று எனக்கு உத்தரவு போடுகிறாள்.

படியிறங்கும்போது அவள் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, "திரும்பி நில்லுங்க" என்றாள். முதுகில் சாக்பீஸ் உரசியது. பெருக்கல் குறிதான் என்று நினைத்து, காரில் ஏறியதும் சட்டையைக் கழற்றிப் பார்த்தேன். வட்டம் அக்கா. கோணலாக, பெரிசாக, ஒரு வட்டம்.

இன்றைக்கே புறப்படுங்கள். இரண்டு பெட்டியும் வரட்டும்.