வலி அவளுக்கு, ஊசி எனக்கு

மூன்று வீடியோ பார்த்தால் போதும், எந்த விஷயத்தைப் பற்றியும் எனக்கு ஒரு கருத்து வந்துவிடும். இது ஒரு வியாதி. என் மகள் பிறந்த வருடம் அந்த வியாதி ரொம்ப முற்றியிருந்தது.

அப்போது ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸில் இருந்தேன். நின்றுபோன மெஷினைப் பிரித்துப் போட்டு ஓட வைப்பது என் வேலை. (திரும்பப் பூட்டும்போது எப்போதும் இரண்டு நட்டு மிஞ்சும். அதைப் பற்றி யாரும் கேட்டதில்லை.) என் மனைவி கவிதாவுக்கு ஏழாம் மாதம் நடந்தபோது, பிரசவ வலியும் ஒருவகை பிரேக்டவுன்தான், சரியான இடத்தில் கை வைத்தால் அடங்கிவிடும் என்று முடிவு கட்டினேன். கையில் ஒரு புள்ளி, கணுக்காலுக்கு மேலே ஒரு புள்ளி, இடுப்பில் இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அழுத்த வேண்டும் என்று ஒரு கார்டில் படம் வரைந்து, லேமினேட் பண்ணி, கட்டிலுக்கு மேலே மாட்டினேன்.

"இன்னாங்க இது?" என்றாள் கவிதா.

"உன் வலிக்கு."

"அது கட்டிலுக்கா வரப்போவுது?"

ஒன்பதாம் மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நாங்கள் பார்த்த பிரசவ டாக்டர் பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னார். நடக்கலாம். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். அக்குபங்சர் செய்கிற அம்மா ஒருவர் வருகிறார், விருப்பமிருந்தால் அதையும் பார்க்கலாம். வலி நன்றாகக் குறைய வேண்டுமென்றால் எபிடியூரல். முதுகில் மெல்லிய குழாய் வைத்து மருந்து கொடுப்பார்கள். "அதுக்கு மயக்க டாக்டர் வெளியிலேருந்து வரணும். வேணும்னா முன்னாடியே சொல்லிடுங்க."

கவிதா வாயைத் திறந்தாள். பதில் என் வாயிலிருந்து வந்தது.

"வேணாம் டாக்டர். நாங்க நேச்சுரல்."

டாக்டர் அவளைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்ற?"

"அவரு நெறைய பார்த்து வெச்சிருக்காரு டாக்டர்" என்றாள். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, நான் முதல் ஷிப்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, மணிமங்கலத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த என் மாமியார் போன் செய்தார். "மாப்ள, வலி கண்டுடுச்சு. ஆட்டோல கிளம்பிட்டோம், நேரா வந்துடுங்க."

"அத்தை, மறக்காம அந்தக் கார்டை எடுத்துக்குனு வாங்க!"

யூனிபாரத்தோடும் சேஃப்டி ஷூவோடும் ஓடினேன். அத்தை கார்டை மறக்காமல் கொண்டு வந்திருந்தார். ரேஷன் கார்டு.

அக்குபங்சர் அம்மா அன்று வந்திருந்தார். கவிதாவின் கையிலும் காலிலும் காது மடலிலும் முடி மாதிரி மெல்லிய ஊசிகளைக் குத்தினார். முதல் ஒன்றரை மணி நேரம் அவள் அமைதியாகத்தான் இருந்தாள். நானே கண்டுபிடித்த வைத்தியம் மாதிரி வராந்தாவில் இருந்தவர்களுக்கெல்லாம் விளக்கினேன். அந்த அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சார், இது வலிய நிறுத்தாது. சில பேருக்குக் கொஞ்சம் தாங்கிக்க முடியும், அவ்ளோதான். வலி ஏறினா டாக்டர்கிட்ட சொல்லிடுங்க." புதிதாகச் சேர்ந்த டிரெய்னி பேசுவதைக் கேட்பது போலத் தலையாட்டினேன்.

வலி ஏறியது. கர்ப்பப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்று மணிக்கொரு தரம் பார்த்துச் சொன்னார்கள். நான் கைப்புள்ளியை அழுத்தினேன்.

பதினோரு மணிக்கு, "என்னங்க, மெதுவா." பன்னிரண்டு மணிக்கு, "யோவ், கைய எடுய்யா." ஒரு மணிக்கு அவள் கூப்பிட்டதை இங்கே எழுத முடியாது. அத்தை காதில் விழாதவர் போல மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நியாயமாகச் சொன்னால் இடுப்பை அழுத்துவது மட்டும் வேலை செய்தது. "அங்கதான். விடாத" என்றாள். ஒவ்வொரு வலிக்கும் கட்டில் மேல் குனிந்து அழுத்தினேன். ஒன்றரை மணிக்கு அவள் என் ஐடி கார்டுக் கயிற்றைப் பிடித்து முகத்துக்கு நேரே இழுத்தாள்.

"அந்த முதுகு ஊசி. எனக்கு வேணும். இப்பவே."

அங்கிருந்த சிஸ்டர் திருநெல்வேலிக்காரர். "மயக்க டாக்டரம்மா வாலாஜாபாத்ல ஒரு ஆபரேஷன்ல இருக்காவ. முன்னாடியே சொல்லியிருந்தா இங்கனயே இருந்திருப்பாவ. யாரு வேண்டாம்னு சொன்னது?"

அந்த வலியிலும் கவிதா ஒரு விரலைத் தூக்கி என்னைக் காட்டினாள்.

போன் போட்டதில், ஆபரேஷன் முடிந்து டாக்டர் கிளம்பிவிட்டதாகச் சொன்னார்கள். ஆனால் இரண்டு மணி ஷிப்ட் மாறுகிற நேரம். ஒரகடம் ரோட்டில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நிற்கும், அதற்குப் பின்னால் டாக்டரின் கார் நிற்கும் என்று எனக்குத் தெரியும். கவிதா கத்துவதை நிறுத்தியிருந்தாள். சத்தமில்லாமல் அழுதுகொண்டு, "முடியலங்க" என்றாள். திட்டியபோது உறைக்காதது அந்த 'ங்க'வில் உறைத்தது. எனக்கு வராத வலிக்கு நான் பதில் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த வலிக்கு, செய்த பாவத்தையெல்லாம் கையில் திரட்டி அழுத்தினேன். என் முதுகில் 'டக்' என்று ஒரு சத்தம். நிமிர முடியவில்லை. மாடி அதிர ஒரு அலறல் அலறினேன்.

வராந்தாவில் ஓர் அம்மா பதறிக்கொண்டு என் மாமியாரிடம் கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "பாவம், தலைப்பிரசவமா?"

"மருமவனுக்கு" என்றார் அத்தை.

குனிந்த நிலையிலேயே என்னைப் பக்கத்து அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பையை மூடிக்கொண்டிருந்த அக்குபங்சர் அம்மா, என்னைப் பார்த்ததும் மறுபடி திறந்தார். "படுங்க சார்." குப்புறப் படுத்தேன். சட்டை மேலே போனது. ஒன்பது ஊசி.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு மூச்சிரைக்க ஒருவர் வந்தார். மயக்க டாக்டர். திறந்து கிடந்த முதுகைப் பார்த்தார். "ஏற்கெனவே யாரோ போட்டுட்டாங்களே?"

"அடுத்த ரூம் டாக்டர்" என்றேன், தலையணைக்குள்ளிருந்து.

அரை மணி கழித்து, சுவருக்கு அந்தப் பக்கம் கவிதாவின் குரல் கேட்டது. காலையிலிருந்து கேட்காத நிதானமான குரல். "சிஸ்டர், அவருக்கு எத்தன சென்டிமீட்டர் ஆயிருக்கு?" அந்த அறையே சிரித்தது. எனக்கு அவமானமாக இல்லை. அவள் சிரிக்கிறாளே என்று இருந்தது.

எனக்கு இரண்டாவது சுற்று ஊசி நடந்துகொண்டிருந்தபோது குழந்தை அழுத சத்தம் கேட்டது. எழப் போனேன். "அசையாதீங்க!" என்று இரண்டு பேர் அதட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் அத்தை துணியில் சுற்றிய குழந்தையோடு வந்து, கட்டில் ஓரம் தரையில் உட்கார்ந்து, தொங்கிக்கொண்டிருந்த என் முகத்துக்கு நேரே காட்டினார். என் மகள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டாள். எனக்கு அழுகை பொங்கி வந்தது. அத்தை அதை முதுகு வலி என்று நினைத்துவிட்டார். "பாவமா கீது, இன்னும் ரெண்டு ஊசி போட்டு வுடும்மா" என்றார்.

சாயங்காலம் சக்கர நாற்காலியில் என்னைக் கவிதாவிடம் கொண்டு போனார்கள். "மன்னிச்சிடு" என்றேன்.

"ரொம்ப வலிச்சுதா?"

"ரொம்ப."

"எனக்கு அந்த ஊசிக்கப்புறம் அவ்ளோவா வலிக்கல" என்றாள். பிறகு என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு சொன்னாள்: "இனிமே என் முதுக பத்தி நான் பேசறேன். உன் முதுக பத்தி நீ பேசு."

மகள் இப்போது இரண்டாம் வகுப்பு. என் முதுகும் தேவலை. ஆனால் சொந்தக்காரர்கள் யாரும் என்னை நிம்மதியாகக் குனிய விடுவதில்லை. போன மாதம் மணிமங்கலத்தில் ஒரு வளைகாப்பு. யார் கையிலிருந்தோ தவறி விழுந்த வளையல் என் காலடியில் உருண்டு வந்தது. எடுக்கலாமே என்று லேசாகத்தான் குனிந்தேன். நூறு பெண்கள் நடுவிலிருந்து அத்தையின் குரல் வந்தது:

"மாப்ள, குனியாதீங்க! ஆஸ்பத்திரி தூரமா கீது!"