நிதி கொண்டுவரும் தேங்காய்

மாரியூர்க் கடற்கரையில் அன்று மீன் வண்டிகளைவிட ஜீப்புகள்தான் அதிகம். ஒவ்வொரு ஜீப்பிலும் ஒரு பெயர்ப்பலகை: இளைஞர் நல அறக்கட்டளை, ஊரக இளைஞர் எழுச்சி மன்றம், இளந்தளிர் சேவை மையம். ஊருக்கெல்லாம் வழிகாட்டும் இந்த அமைப்புகளின் செயலாளர்கள் கையில் ஆளுக்கொரு தேங்காயோடு வரிசையில் நின்றார்கள்.

எல்லாம் தேங்காச்சாமியைப் பார்க்கத்தான். மாவட்டத்தின் எட்டாத கிராமங்களில் இளைஞர்களுக்காக உழைக்கும் அமைப்பு ஒன்றுக்கு, ஒன்றே ஒன்றுக்கு, மூன்று வருட நிதி தருவதாகச் சென்னை அறக்கட்டளை ஒன்று அறிவித்திருந்தது. அறிவிப்பு வந்த மறுவாரமே சாமியும் வந்துவிட்டார். எங்கிருந்து வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பக்தி குறைந்துவிடாதா?

முறை எளிது. விண்ணப்பத்தைச் சுருட்டி, பாலித்தீன் பையில் போட்டு, தேங்காயோடு கட்டிக் கடலில் எறிவார். தேங்காய் கரைக்குத் திரும்பினால் நிதி வரும். திரும்பும்வரை விண்ணப்பத்தை அனுப்பக் கூடாது, அனுப்பினால் தோஷம். விடியற்காலைப் பூசைக்குச் சாதாரண தட்சணை. பிற்பகல் மூன்று மணி விசேஷ பூசைக்குப் பத்து மடங்கு. விடியலில் எறிந்த தேங்காய் ஒன்றுகூட இதுவரை திரும்பவில்லை. மூன்று மணித் தேங்காய் ஒன்றுகூடத் திரும்பத் தவறவில்லை. கடலரசனுக்கு மட்டும் காசு கசக்குமா என்ன!

அன்று விடியலில் தேங்காயைப் பறிகொடுத்தவர்களில் தங்கப்பாண்டியும் ஒருவர். கமுதிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரர். பதினோரு வருடமாக இந்தக் கரையில் கணினியும் படகு எஞ்சின் பழுதுபார்ப்பும் கற்றுத்தரும் பயிற்சி மையம் நடத்துகிறார். ஆனால் ஒருநாள்கூட வள்ளத்தில் ஏறியதில்லை, செருப்பு நனைந்துவிடுமாம். நல்ல மனுஷர். அதுதான் சாமிக்கு வசதி.

சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து மையத்துக்குப் பேருந்து கிடையாது. ஏழு பெண்பிள்ளைகள் மையத்தின் வேனில்தான் வந்து போகிறார்கள். பழைய நிதி நின்றுவிட்டது. அடுத்த மாதம் வேனும் நிற்கும். "வேன் இல்லாட்டி பிள்ளைய அனுப்ப மாட்டோம்" என்று வீடுகளில் சொல்லியாகிவிட்டது. அந்த ஏழு முகங்களை நினைத்தால் தங்கப்பாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் இன்று, மாலை ஐந்து மணி.

"இன்னைக்கு விசேஷ பூசை நெறஞ்சிருச்சு. நாளைக்கு மூணு மணிக்கு வா" என்றார் சாமி.

"சாமி, இன்னைக்கு அஞ்சு மணியோட முடியுதே!"

"தேதிய நீட்டிருவாங்க. சமுத்திரராஜன் சொல்லிட்டான்."

தங்கப்பாண்டி தலையாட்டினார். மணி மூன்றாகப் போகிற நேரத்தில் மடிக்கணினியோடு மணலில் வேகமாக வந்தாள் ஜெயப்பிரியா. மையத்தில் கணினி சொல்லித்தருபவள். இதே ஊர் மீனவர் மகள்.

"சார், எல்லாம் ஏத்திட்டேன். நீங்க ஒருதடவ பாத்துட்டு அமுக்குனா போயிரும்."

"தேங்கா திரும்பலையேம்மா. இப்ப அனுப்புனா அந்தப் பிள்ளைக பொழப்புல நானே மண்ணள்ளிப் போட்ட மாதிரி ஆயிரும்."

"அனுப்பாட்டித்தான் சார் மண்ணு."

அவள் அதற்குமேல் வாதாடவில்லை. சாமி பக்கத்தில் கிடந்த தேங்காய்க் குவியலிலிருந்து மூன்றை எடுத்தாள். ஒன்றில் டீக்கடை வடை சுற்றிய எண்ணெய்க் காகிதத்தைக் கட்டினாள். இரண்டாவதில் வெற்றுத்தாள். மூன்றாவதில் சாமியின் தட்சணைப் பட்டியல். சாமி மூன்று மணிப் பூசையைத் தொடங்கித் தேங்காய்களை எறிய, பக்கத்தில் நின்று இவளும் எறிந்தாள்.

அரைமணி நேரத்தில் கரை முழுக்கத் தேங்காய். முதலில் உருண்டு வந்தது வடைக் காகிதம்!

"ஏ புள்ள, இது நான் மந்திரிச்ச கடலு. எதப் போட்டாலும் திரும்பும்" என்றார் சாமி.

"அப்ப காலையில போட்டது ஏன் சாமி திரும்பல?"

சாமி தட்சணைத் தட்டைத் துண்டால் மூடினார். பதிலையும் அவளே சொன்னாள்.

"விடிய கரைக்காத்து. மெதக்குறத உள்ள தள்ளிக்கிட்டுப் போயிரும். மத்தியானத்துக்கு மேல கடல்காத்து. திருப்பிக் கொண்டாந்துரும். எங்க அய்யா இதப் பாத்துத்தான் தெனமும் வள்ளம் எறக்குறாரு. யாருகிட்டயும் தட்சணை வாங்குனதில்ல."

பெரியபட்டினத்தில் இளைஞர் நூலகம் நடத்தும் முஹைதீன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அஸ்தக்ஃபிருல்லாஹ்! எங்க வாப்பா தோணியில போய் யாவாரம் பண்ணுனவரு. எனக்கு ஒறைக்கலையே!"

"இதுவரைக்கும் தேங்கா திரும்புனவங்க கையத் தூக்குங்க" என்றாள் ஜெயப்பிரியா.

பதினோரு கைகள் எழுந்தன.

"நிதி எத்தன அமைப்புக்கு?"

"ஒண்ணுக்கு" என்றது ஒரு மெல்லிய குரல். அதுவரை அண்ணன் தம்பியாக நின்ற பதினோரு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்தார்கள். பிறகு, நல்லவேளையாக, எல்லோரும் சாமியை முறைத்தார்கள்.

சாமி தன் காரை நோக்கி நழுவினார். பக்தர்கள் நெருக்கி நிறுத்திய ஜீப்புகளுக்கு நடுவே கார் மாட்டிக்கொண்டிருந்தது. "அந்தப் பத்து மடங்க எடுத்து வச்சுட்டுப் போங்க சாமி" என்று முஹைதீன் கதவருகே போய் நின்றார். சாமி வைத்தார். மற்ற செயலாளர்கள் வசூலைப் பங்கு பிரித்த கையோடு, போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிக்னல் தேடி ஓடினார்கள். தேங்காய்க்குக் காத்திருந்த அவர்களில் பலரும் இன்னும் அனுப்பியிருக்கவில்லை.

மணி நான்கரை. சிக்னல் கிடைக்கும் மேட்டில் கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின்மேல் கணினியை வைத்துக்கொண்டு தங்கப்பாண்டி விண்ணப்பத்தைப் படித்தார். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. முதல் பக்கத்தில், அமைப்பின் நோக்கம் என்ற இடத்தில், அவரே சொல்லி எழுத வைத்த வரி நின்றது: 'கிராமப்புற இளைஞர்களிடம் அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது.'

"ஜெயப்பிரியா, இந்த வரிய எடுத்துருவமா?"

"வேணாம் சார். கீழ பயிற்சி பெறுவோர் எண்ணிக்கைல நாப்பத்திரெண்டுன்னு இருக்கு பாருங்க. அத நாப்பத்திமூணுன்னு மாத்திட்டு நீங்களும் சேந்துக்கங்க. போதும்."

மாற்றினார். அனுப்பினார். நிதி வருமா வராதா என்பதை இனி அங்கே படித்துப் பார்ப்பவர்கள் முடிவு செய்வார்கள். நாற்பத்துநான்காவது இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, விருப்பமுள்ளவர்கள் சேரலாம். தேங்காய் கொண்டுவர வேண்டாம், தலையைக் கொண்டுவந்தால் போதும்.