உள்ளங்காலில் ஆறு மில்லிமீட்டர்

ஆறு புள்ளி இரண்டு. ஜகதீசன் வெர்னியர் காலிப்பரைக் கீழே வைத்துவிட்டு, வலது உள்ளங்காலை மறுபடி முகத்துக்கு நேரே இழுத்தார். நேற்று ஐந்தரை மில்லிமீட்டர்தான் இருந்தது.

மூன்று நாள் முன்பு நகம் வெட்ட உட்கார்ந்தபோதுதான் அந்தக் கரும்புள்ளி கண்ணில் பட்டது. பாதத்தின் குழிவில், நடந்தால் தரையில் படாத இடத்தில் இருந்தது. வேறு யாராவது என்றால் தேய்த்துப் பார்த்திருப்பார்கள். ஜகதீசன் மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு இரண்டு மாதம் முன்பு தலைவர் ஆனவர். சோதனைக்கு வந்த பொருளை அளப்பதும் குறிப்பதும்தான் வேலை, கை வைப்பது குற்றம். முப்பது வருடப் பழக்கத்தைச் சொந்தக் காலுக்காக விடுவாரா?

ஃபோனில் தேடினார். முதல் வரியிலேயே ஒரு வார்த்தை வந்து நின்றது.

"தாரிணி, மெலனோமான்னா என்னம்மா?"

அமீர்பேட் கோச்சிங்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் ஷூவிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மெலாஸ்னா கிரீக்ல பிளாக், டாடி. எங்க ரூட்-வேர்ட் லிஸ்ட்ல இருக்கு. மெலனின், ஸ்கின் கலர். மெலனோமா, அதுல வர்ற கேன்சர். மெலங்கோலியா, டிப்ரெஷன். மெலடோனின், தூக்கம். கைக்கு டாடி, எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மா. குறுக்கெழுத்து."

மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு இன்னும் ஒரு மாதம். இந்த நேரத்தில் வீட்டில் சொல்ல முடியுமா? தனியாக உட்கார்ந்து மேலே படித்தார். உள்ளங்காலில் வருமாம். நகத்துக்கடியில் கருங்கோடாகவும் வருமாம். ஓரம் கோணலாக இருந்தால், ஆறு மில்லிமீட்டரைத் தாண்டினால், வளர்ந்துகொண்டே போனால் ஆபத்து. பூதக்கண்ணாடியை எடுத்துத் தன் இருபது நகங்களையும் பார்த்தார். எல்லாம் சுத்தம். உள்ளங்கால்தான் காலை வாரிவிட்டது.

மனைவி நீலா தோசை கொண்டுவந்து வைத்தாள்.

"கட்டைவிரல்ல என்னடி கருப்பு? கழுவிட்டு வந்து வைக்கக் கூடாதா?"

"வாழைக்காக் கறைங்க. போகவே மாட்டேங்குது."

சாகப்போகிறவனுக்கு ஒரு சுத்தமான தோசை கூடக் கிடைக்காதா என்று ஜகதீசனுக்கு ஆற்றாமையாக இருந்தது.

புள்ளியைக் கிளறக் கூடாது, நனைக்கவும் கூடாது என்று அவரே முடிவெடுத்தார். குளிக்கும்போது காலில் பாலிதீன் பையைக் கட்டிக்கொண்டார். நாலு நாளில் புள்ளி ஏழு புள்ளி எட்டுக்குப் போய்விட்டது.

காற்றுப் படுவதால்தான் வளர்கிறது போலிருக்கிறது என்று பிளாஸ்திரி ஒட்டினார். நீலா கேட்டதற்குக் கல் குத்தியதாகச் சொன்னார். மறுநாள் காலையில் இடது உள்ளங்காலில், அதே குழிவில், புதிதாக ஒரு புள்ளி இருந்தது.

பரவிவிட்டது. குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் உட்கார்ந்து ஜகதீசன் அழுதார். ஐம்பத்திரண்டு வயது சாகிற வயதா?

அன்று மாலையே நீலாவைக் கூப்பிட்டு இன்வெர்ட்டருக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிக்கொடுத்தார். மோட்டார் சுவிட்சைக் காட்டினார். மௌலா அலி குவார்ட்டர்ஸைக் காலி செய்வதென்றால் யாருக்கு விண்ணப்பம் எழுத வேண்டும் என்றும் சொன்னார்.

"ஏங்க இதையெல்லாம் இப்ப சொல்றீங்க?"

"நான் இல்லாத நாள்ல தெரிஞ்சிருக்கணும்ல."

நீலாவின் முகம் வெளுத்துப்போனது. அவர் அதைக் கவனிக்கவில்லை. மெலங்கோலியாவும் வந்துவிட்டது என்று மகளின் பட்டியலில் மனதுக்குள் டிக் அடித்துக்கொண்டிருந்தார்.

தூக்கம் போயிற்று. மருந்துக் கடையில் கேட்டதும் மெலடோனின் கொடுத்தார்கள். அதற்கும் ஒரு டிக். அடித்துப் போட்டமாதிரி தூங்கி எழுந்து காலிப்பரை எடுத்தார். இடது காலில் பதினாலு மில்லிமீட்டர்.

பத்து நாள் அளவுகளையும் கிராஃப் தாளில் ஏற்றினார். கோடு மேலே போய்க்கொண்டே இருந்தது. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "தோல் டாக்டர்கிட்ட போகணும், நீயும் வா" என்றார். ஏன் எதற்கு என்று சொல்லவில்லை. கெட்ட சேதியைத் தனியாகக் கேட்கிற தைரியம் அவருக்கு இல்லை.

டாக்டர் பத்மஜா கிராஃபைப் பார்த்தார், காலைப் பார்த்தார், லென்ஸ் வைத்தும் பார்த்தார். பிறகு நர்ஸிடம், "ரோஸ்லின், கொஞ்சம் ஸ்பிரிட்" என்றார்.

நாகர்கோவில்காரியான ரோஸ்லின் பஞ்சை நனைத்து அழுத்தித் துடைத்தாள். பஞ்சு கருப்பானது. கால் வெளுப்பானது.

டாக்டர் பஞ்சை முகர்ந்து தெலுங்கில் சொன்னார். "இதி காட்டுக கதண்டி!"

"கண்மை, சார்" என்றாள் ரோஸ்லின்.

எல்லோரும் நீலாவைப் பார்த்தார்கள். அவள் பொலபொலவென்று அழுதாள்.

"பிரமோஷன் வந்ததுலேர்ந்து எதிர்வீட்டு சகுந்தலா கண்ணு உங்க மேலதான். ஸ்கூட்டர்லேர்ந்து வேற விழுந்தீங்க. வாசல்ல திருஷ்டிப் பூசணிக்கா கட்டினேன், சயின்ஸ் படிச்ச வீடுன்னு தூக்கிப் போட்டீங்க. அதான் நீங்க தூங்கும்போது உள்ளங்கால்ல தினம் ஒரு பொட்டு..."

"இடது கால்ல ஏண்டி?"

"வலதுல பிளாஸ்திரி ஒட்டியிருந்தீங்களே."

"அதுவும் அவ்ளோ பெருசா?"

"சாவைப் பத்திப் பேசினீங்க, பயமாப் போச்சு. மாத்திரை போட்டுத் தூங்கினதால முழிக்க மாட்டீங்கன்னு நல்லா அழுத்தி வெச்சேன்."

ஜகதீசனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீலாவின் வலது கையைப் பிடித்து உயரத் தூக்கினார்.

"கையும் களவுமாப் பிடிச்சாச்சு, டாக்டர்! பாருங்க, கட்டைவிரல் நகத்துல மை. என்கிட்ட வாழைக்காக் கறைன்னு கதை விட்டா."

டாக்டரும் சிரித்தார். ரோஸ்லின் புதுப் பஞ்சு எடுத்து நீலாவின் விரலைப் பிடித்துக்கொண்டாள். ஜகதீசன் குனிந்து ஸாக்ஸ் மாட்டத் தொடங்கினார். போகிற வழியில் நல்ல பூசணிக்காயாக ஒன்று வாங்கித் தன் கையாலேயே வாசலில் கட்டப்போவதாகச் சத்தியம் செய்தார்.

ஸாக்ஸை இழுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ரோஸ்லின் மூன்றாவது பஞ்சை எடுத்திருந்தாள். முதல் இரண்டும் தட்டில் வெள்ளையாகவே கிடந்தன.

"சாருக்க காலுல உள்ளது ஒரே தொடப்புல போயிட்டு, டாக்டர். இந்த அக்காக்க நகத்துக்கு உள்ள கெடக்க கருப்புக் கோடுதான், எவ்வளவு தொடச்சாலும் போவ மாட்டேங்கு."